கூடு வேண்டுமா, காவல் வேண்டுமா?

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் அளந்து அளந்துதான் பாவிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளை அங்கே கழித்த குடும்பங்களுக்கு அதன்பின் நடந்தது நன்றாகத் தெரியும். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு, மெல்லிய திரியொன்றை நிறுத்தி, சுடரைப் போத்தலுக்குள்ளேயே எரியவிட்டார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கிச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள்.

இவற்றை முதலில் செய்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. "தேவை வந்தால் மூளை தானாக வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். அது அரை உண்மைதான். தேவை எல்லோருக்கும் வந்தது. யோசனை சிலருக்கே தோன்றியது. மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள். அந்தச் சிலரின் மனம் எந்த வழியால் போனது என்பதை நிதானமாகப் பார்த்தால், அதே வழியால் நாமும் வேண்டுமென்றே போகலாம். இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களாகிய உங்களுக்கு இது பொழுதுபோக்கு விடயமல்ல. வீடு, வேலி, அடுப்பு, கூடு எல்லாவற்றையும் குறைந்த பொருளுடன் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியவர்கள் நீங்கள். உங்களுக்காக வேறு எவரோ வரைந்த படங்கள் எப்படி முடிந்தன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பொருளிடம் கேட்கும் கேள்விகள்

ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் விளக்கில் எண்ணெய்க் கிண்ணம் வேறு, சிமினி வேறு. இங்கே ஒரே போத்தல் எண்ணெயைத் தாங்குகிறது, காற்றையும் மறைக்கிறது. இரண்டு உறுப்புகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். டைனமோவில் நடந்தது வேறு. சைக்கிள் விளக்குக்காகச் செய்த பொருளை வானொலிக்கு எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் ஓர் எரிபொருளின் இடத்தில் இன்னொன்றை வைத்தார்கள். பனம்பழத்திலும் அப்படியே. ஆக, விதம்விதமாகத் தோன்றும் இக்கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் இரண்டு மூன்று கேள்விகளே இருக்கின்றன: எதை எதனோடு சேர்க்கலாம்? இது வேறு எதற்கு உதவும்? இதற்குப் பதிலாக எது?

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் விளம்பர நிறுவனமொன்றை நடத்திய அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்பவர் இத்தகைய கேள்விகளை ஒரு நிரலாக்கி, 1953இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். மலிந்து கிடந்த பொருட்களை விற்பதற்கு யோசனை தேடியவர் அவர். எமக்கோ பொருளே இல்லாத காலம் வந்தது. ஆயினும் கேள்விகள் ஒன்றுதான். வேறு வேலைக்குப் பாவிக்கலாமா, வேறொன்றைப் பார்த்து அதுபோல் செய்யலாமா, உருவத்தை மாற்றலாமா, பெரிதாக்கலாமா, சிறிதாக்கலாமா, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாமா, ஒழுங்கை மாற்றலாமா, தலைகீழாக்கலாமா, சேர்க்கலாமா என ஒன்பது வகைக் கேள்விகளை அவர் கொடுத்தார். கல்வித்துறையைச் சேர்ந்த பொப் எபர்ல் என்பவர் 1971இல் அவற்றைப் பிள்ளைகளும் நினைவில் வைக்கக்கூடியதாக ஏழாகச் சுருக்கினார். அவர் தொகுத்ததில் எமக்கு மிகவும் பயன்படும் கேள்வியொன்று உண்டு: எதை நீக்கிவிடலாம்?

ஓட்டை வாளி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டையை எப்படி அடைப்பது என்றே எவரும் முதலில் நினைப்பார். தலைகீழாக்கும் கேள்வியைக் கேட்டால், ஓட்டையே வேலை செய்தால் என்ன என்று தோன்றும். சிறு ஓட்டையுள்ள வாளியைப் பூசணிக் குழியருகே வைத்து மாலையில் நிரப்பிவிட்டால், நீர் வழிந்தோடாமல் வேரடியில் மெல்ல மெல்லக் கசியும். உள்ளங்கையளவு நிழலும் கைப்பிடியளவு தண்ணீரும் உள்ள முகாம் வளவில் இது சிறிய விடயமன்று. சீனாவில் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த விவசாய நூலொன்று, மண் குடத்தை நிலத்தில் புதைத்து நீர் நிரப்பி அதைச் சுற்றிப் பூசணி இனப் பயிர்களை நடுவது பற்றிச் சொல்கிறது. குடத்தின் சுவரால் நீர் கசிவதைக் குறையென்று எண்ணாமல், அதையே பாசன வழியாக ஆக்கியிருக்கிறார்கள்.

கையிலிருந்து காலுக்கு

இக்கேள்விகள் சேர்ந்து ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த கதை பங்களாதேஷில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவும் அகதிகளாகப் போய்த் திரும்பிய விவசாயிகளின் கதை.

1971ஆம் ஆண்டுப் போரின்போது பங்களாதேஷின் வடமேற்கிலுள்ள ரங்பூர், தினாஜ்பூர்ப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையான மக்கள் இந்தியாவுக்குள் ஓடினார்கள். 1972இல் அவர்கள் திரும்பி வந்தபோது, லூத்தரன் உலக சம்மேளனம் அங்கே புனர்வாழ்வுப் பணியொன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அப்பணி விவசாய அபிவிருத்தியாக விரிந்தது. அங்குள்ள சிறு விவசாயிக்கு நிலம் மிகக் கொஞ்சம். மழையில்லாத மாதங்களில் பயிர் செய்ய நிலத்தடி நீர் சில மீற்றர் ஆழத்திலேயே இருந்தது. ஆனால் அதை மேலே கொண்டுவர டீசல் பம்ப் வாங்க அவரிடம் பணமில்லை. கைப்பம்பால் இறைத்தாலோ, கொஞ்ச நேரத்தில் தோள் விட்டுப்போகும். ஒரு பாத்தி நனைவதற்குள் ஆள் களைத்துவிடுவார்.

அப்பணியில் இருந்த நோர்வே நாட்டுப் பொறியியலாளர் குன்னார் பார்ன்ஸ் 1970களின் இறுதியில் மிதிபம்பு ஒன்றை வடிவமைத்தார். தகரத்தால் செய்த இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முசலம். இரண்டு முசலங்களையும் ஒரு கயிறு இணைக்கும். கயிறு மேலே ஒரு கப்பியைச் சுற்றிப் போகும். ஒவ்வொரு முசலமும் நீண்ட மூங்கில் மிதியொன்றோடு பிணைக்கப்பட்டிருக்கும். விவசாயி மேலே ஏறி நின்று, படியேறுவதுபோல் மாறி மாறி மிதிப்பார். ஒரு பக்கம் கீழே போகையில் மறுபக்கம் மேலே வரும். நீர் விட்டு விட்டு வராமல் தொடர்ந்து ஓடும்.

இப்போது கேள்விகளை வைத்துப் பாருங்கள். கையின் இடத்தில் காலை வைத்திருக்கிறார். மனித உடலில் பெரிய தசைகள் காலில்தான் இருக்கின்றன, உடலின் பாரமும் உதவிக்கு வருகிறது. ஓர் உருளையோடு இன்னோர் உருளையைச் சேர்த்திருக்கிறார். இரும்புச் சட்டத்தின் இடத்தில் மூங்கிலை வைத்திருக்கிறார். இயந்திரத்தையும் எரிபொருளையும் முற்றாக நீக்கியிருக்கிறார். உருளைகளை அயலிலுள்ள தகரப் பட்டறையில் செய்யலாம். மற்றவற்றைக் கிராமத்துத் தச்சரே பொருத்தலாம். பங்களாதேஷில் மட்டும் இவ்வகைப் பம்புகள் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகின. பிற ஆசிய நாடுகளுக்கும் ஆபிரிக்காவுக்கும் அது பரவியது.

காலால் நீர் இறைப்பது எமக்குப் புதிய சங்கதியா? துலா மிதித்த தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கிறது. ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் பட்டையைப் பிடித்துச் சரிக்க, வாய்க்காலில் நீர் ஓடியதைக் கண்டவர்கள் எமது வயோதிபர்கள். உடலின் பாரத்தை வேலைக்கு எடுப்பது என்ற அதே யோசனைதான் துலாவிலும் இருக்கிறது. தண்ணீர்ப் பம்ப் வந்ததும் துலாவை விறகாக்கிவிட்டோம். 1990களில் எரிபொருள் இல்லாமல் போனபோது துலாவைத் தேடியவர்கள் பலர்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உறிஞ்சி எடுக்கும் எந்தப் பம்பும் நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றருக்கு மேல் நீரைத் தூக்காது. காற்றின் அமுக்கம்தான் நீரை மேலே தள்ளுகிறது. அதற்கு அவ்வளவுதான் பலம். கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போகும் கிணற்றுக்கு மிதிபம்பு உதவாது. எவ்வளவு யோசனைகளைக் குவித்தாலும் இப்படியான எல்லைகளை முன்கூட்டியே அறிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருப்பது நல்லது. அவரை எந்த நேரத்தில் பேசவிடுவது என்பதுதான் கேள்வி.

பெயரை மறப்பது

மீள்குடியேறிய கிராமமொன்றின் மாதர் சங்கத்துடன் இரண்டு நாள் செயலமர்வு ஒன்றை நடத்தினோம். கோழிக்கூடு எப்படிக் கட்டுவது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட விடயம். பலர் இன்னும் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தார்கள். சொந்தக் காணிக்குப் போகும் நாள் எப்போது என்று தெரியாது. போகும்போது கூட்டை விட்டுப்போக முடியாது. கேள்வியை அப்படியே வைத்தபோது எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: நாலு தடி, கம்பி வலை, மேலே தகரம். கம்பி வலைக்கும் தகரத்துக்கும் காசு எவர் தருவார் என்று அடுத்த கேள்வி வந்தது. அத்துடன் பேச்சு உதவித் திட்டங்களின் பக்கம் திரும்பிவிட்டது.

அப்போது கேள்வியை மாற்றிக் கேட்டோம். "கூடு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தப் பொருள் செய்யவேண்டிய வேலை என்ன? மெல்ல மெல்லப் பதில் வந்தது. இரவில் மரநாயும் கீரியும் எட்டக்கூடாது. மழை நனைக்கக் கூடாது. முட்டை பாம்புக்குப் போகக் கூடாது. கள்வன் இலேசாகத் தூக்கக் கூடாது. ஆனால் நாம் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி அதுவரை வாய் திறக்கவில்லை. அவர் சொன்னார்: "பாதர், ஊரில எங்கட கோழியள் முருங்கை மரத்திலதான் படுத்தது. கூடு அடிச்ச பிறகுதான் மரநாய் பிடிச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் யோசித்தார்கள். கூடு என்ற பெயர் இருந்தவரை மரம் எவருடைய நினைவிலும் வரவில்லை. காவல் என்று கேட்டதும் மரம் வந்தது. மரத்தைச் சுற்றித் தகரத் துண்டு கட்டினால் மரநாய் ஏறாது என்ற யோசனை வந்தது. கொட்டிலின் வளையிலிருந்து தொங்கவிடும் கடகம் வந்தது. காவடிபோல் தூக்கிச் செல்லும் சட்டம் வந்தது. ஆகவே எதையாவது செய்யத் தொடங்குமுன், பொருளின் பெயரை மறைத்துவிட்டு அது செய்யும் வேலையை ஒரு வினைச்சொல்லால் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். "தண்ணீர்த் தாங்கி வேண்டும்" என்பதை "மழைநீரை மூன்று மாதம் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும்" என்றும், "வேலி வேண்டும்" என்பதை "ஆடு மரக்கறியில் வாய் வைக்காமல் தடுக்க வேண்டும்" என்றும் மாற்றிப் பாருங்கள். ஆட்டைக் கட்டுவதும் ஆடு தின்னாத பயிரை ஓரத்தில் நடுவதும் பின்னைய கேள்விக்குப் பதிலாகும், முன்னையதற்கு ஆகா.

புளியங்கொட்டையும் மௌனமும்

யோசனை சேர்க்கும் நேரத்தில் குறை சொல்லக் கூடாது என்பது ஒஸ்போர்ன் வகுத்த முதல் விதி. விசித்திரமான யோசனையும் வரட்டும், எண்ணிக்கை பெருகட்டும், ஒருவர் சொன்னதை மற்றவர் பிடித்து வளர்க்கட்டும் என்பவை ஏனைய விதிகள். எமது கூட்டங்களில் இதைக் கடைப்பிடிப்பது இலேசல்ல. "உது சரிவராது" என்ற சொல் எமது நாவில் தயாராக இருக்கிறது. பல தடவை இழந்தவர்களுக்கு அந்தச் சொல் இயல்பாகவே வரும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தச் செயலமர்வில் நடுவே ஒரு சிரட்டை வைத்தோம். "ஆனால்" என்று தொடங்குபவர் அதற்குள் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். அரை மணித்தியாலத்தில் சிரட்டை பாதி நிரம்பியது. அதன்பின் நாக்குகள் கொஞ்சம் பழகிக்கொண்டன.

இன்னொரு தடை உண்டு. அது மரியாதையிலிருந்து வருவது. சங்கத் தலைவரோ பாடசாலை அதிபரோ சுவாமியாரோ முதலில் வாய் திறந்தால், மற்றவர்கள் அதே கருத்தைச் சுற்றியே பேசுவார்கள். கூலிக்குப் போகும் பெண்ணும் பதினாறு வயதுப் பெடியனும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போவார்கள். நால்வர் கூடிப் பேசுவதையும், நால்வர் தனித்தனியே யோசித்து முடிவில் சேர்ப்பதையும் 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனித்தனியே யோசித்தவர்களின் யோசனைகள் கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தன. பின்னர் நடந்த ஆய்வுகள் பலவும் இதே பக்கமே சாய்ந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கையில் தன் யோசனை மறந்துபோகும். சிலர் வெட்கத்தில் விழுங்கிவிடுவார்கள்.

இதனால் கூட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் கால் மணித்தியாலம் மௌனமாக இருக்கட்டும். எழுதுபவர் எழுதலாம், எழுதாதவர் மணலில் குச்சியால் கீறலாம், ஈர்க்கை முறித்து உருவம் செய்யலாம். அதன்பின் வயதில் குறைந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் காட்டட்டும். பெரியவர்கள் கடைசியாகப் பேசட்டும். பௌதிக எல்லைகளை அறிந்தவரும் அப்போதுதான் பேச வேண்டும். முதலில் வரும் ஐந்தாறு யோசனைகள் எல்லோரும் அறிந்தவையாகவே இருக்கும். அவை தீர்ந்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும் இடத்தைக் கடந்த பிறகே புதியது வருவதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

அந்த இடத்தில் சிக்கிக்கொண்டால், மால்டாவில் பிறந்த மருத்துவரான எட்வேட் டி போனோ சொன்ன ஒரு வழி கைகொடுக்கும். 1967இல் பக்கவாட்டுச் சிந்தனை என்ற கருத்தை முன்வைத்தவர் அவர். விடயத்தோடு எந்தத் தொடர்புமில்லாத ஒரு சொல்லை எழுந்தமானமாக எடுத்து, அதை விடயத்தோடு முட்டவிட வேண்டும். எமக்கு அன்று கிடைத்தது "குடை". கோழிக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம்? குடை மடியும், குடையின் கூரையும் பிடியும் தனித்தனி வேலை செய்யும், தேவையில்லாதபோது அதைச் சுருக்கி வைப்போம். அப்படியானால் கூரையைக் கூட்டோடு பிணைக்காமல் தனியே கழற்றி வைக்கலாம் என்றார் ஒரு பெண். அந்த நேரத்தில் அது பெரிய யோசனையாகத் தெரியவில்லை. எழுதி மட்டும் வைத்தோம்.

எண்பத்தொரு கூடுகள்

யோசனைகள் சேர்ந்ததும் அவற்றை ஒழுங்காகப் பிரித்துப் பொருத்தும் வழியொன்றை சுவிற்சர்லாந்து நாட்டவரான வானியல் அறிஞர் பிரிட்ஸ் ஸுவிக்கி கையாண்டார். நட்சத்திரங்களைப் பார்த்தவரின் வழி கோழிக்கூட்டுக்கும் பொருந்துகிறது. செய்யப்போகும் பொருளை உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை மாற்று வழிகள் உண்டென்று நிரலிட வேண்டும். நாம் நிலத்தில் கரியால் கோடு கீறி நாலு நிரல் போட்டோம். தரைக்கு வெறும் மண், பனைமட்டைச் சலாகை, கம்பி வலை. சுவருக்குப் பனைமட்டை, உரப்பை, பழைய மீன்வலை. கூரைக்குக் கிடுகு, தகரம், தறப்பாள். நகர்த்துவதற்கு இருவர் தூக்கும் இரண்டு தடிகள், பழைய சைக்கிள் சில்லு, மரத்தில் தொங்கவிடும் கயிறு. நாலு உறுப்புக்கும் மும்மூன்று வழி என்றால் 3 தர 3 தர 3 தர 3; எண்பத்தொரு விதமான கூடுகள். காலையில் "நாலு தடி, கம்பி வலை, தகரம்" என்று ஒன்றே ஒன்றைச் சொன்ன அதே கூட்டம்தான் இது.

இனித் தீர்ப்பிடும் நேரம். இப்போது "ஆனால்" சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பிடுவோர் அந்தப் பொருளோடு தினமும் மாரடிக்கப் போகிறவர்களாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டைக் கழுவுவது பெண்கள். ஆகவே அளவுகோலை அவர்களே வைத்தார்கள். இரண்டு பெண்கள் தூக்கக்கூடிய பாரம், குனியாமல் முட்டை எடுக்கும் வசதி, வெளியிலிருந்து வாங்கும் பொருள் மிகக் குறைவு. மீன்வலை உடனே விழுந்தது. மரநாய் ஓர் இரவில் கடித்துவிடும் என்றார்கள். உரப்பைச் சுவர் வெக்கையையும் நாற்றத்தையும் உள்ளே அடைக்கும் என்பதால், மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் திரையாக நின்றது. சில்லு நல்ல யோசனை, மணலில் புதையும். கடைசியில் பனைமட்டைச் சலாகைத் தரை, பனைமட்டைச் சுவர், கிடுகுக் கூரை, பல்லக்குப்போல் இரண்டு தடி. சலாகைகளுக்கிடையே ஒரு விரல் அகல இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழும். சாம்பலோடு சேர்த்து மரக்கறிக் குழிக்குப் போடலாம். எறும்பு ஏறாதபடி கால்கள் பழைய ரின்களில் நிற்கும். ரின்களில் கழிவு எண்ணெய்.

முதலில் ஈர்க்கினால் கையளவு மாதிரி செய்தார்கள். பிறகு ஒன்றே ஒன்றை உண்மை அளவில் செய்து மழைக்காலத்தில் விட்டுப் பார்த்தார்கள். மாதிரியில் தெரியாத குறை அப்போதுதான் வெளிப்பட்டது: நனைந்த கிடுகு பாரமேறி, இரண்டு பேரால் கூட்டை அசைக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் குடை நினைவுக்கு வந்தது. கூரையைத் தனியே கழற்றித் தூக்கும்படி மாற்றினார்கள். அதன்பின் கட்டிய கூடுகள் அந்த இரண்டு துண்டு வகையைச் சேர்ந்தவை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கட்டியிருந்தால், எல்லாக் கூடுகளிலும் அதே குறை இருந்திருக்கும்.

எவருடைய படம்?

எமது மக்களின் கெட்டித்தனத்தைப் புகழ்ந்து பேசும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் எனக்குச் சிறு சந்தேகம் உண்டு. ஜாம் போத்தலில் விளக்கு செய்யத் தெரிந்தவருக்கு மின்சாரம் வேண்டாம் என்று ஆகாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. நகர்த்தும் கூடு அவர்களுக்கு உதவும். காணிக்கு அது ஈடாகாது. யோசனை செய்யும் திறமையை உரிமைக்குப் பதிலாக எவராவது நீட்டினால் வாங்கக் கூடாது.

மறுபக்கத்தில், உதவி வரும்போது அதன் படத்தை யார் வரைகிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. 2004 டிசம்பர் கடற்கோளின் பின் கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றில் குசினி உள்ளே இருந்தது. புகை போக வழியில்லை. விறகில் சமைக்கும் பெண்கள் வீட்டின் பின்னால் கிடுகுக் கொட்டில் போட்டு அங்கேயே சமைத்தார்கள். உள்ளே கட்டிய குசினி சாமான் அறையானது. 2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. எமது வெயிலுக்கு உருக்கு எப்படி, விறகடுப்பு எங்கே, பிள்ளை கலியாணம் முடித்தால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா என்று மக்கள் கேட்டார்கள். பலத்த எதிர்ப்பின் பின் அது திட்டமிட்டபடி நிறைவேறவில்லை. இதற்கு முன்னர், 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டு, வீட்டுக்காரரே நின்று கட்டுவித்தார்கள். பணம் போதாமல் கடன்பட்டவர்கள் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் குசினி எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அவர்களிடம் இருந்தது.

அந்த வாய்ப்பு உங்களுக்கு வரும்போது கடுதாசிப் படத்தை மட்டும் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். கடுதாசியில் எல்லா வீடும் பெரிதாகவே தெரியும். வளவைக் கூட்டிவிட்டு, படத்திலுள்ள அளவுப்படி முழு வீட்டையும் சாம்பலால் நிலத்தில் கீறுங்கள். கதவு வரும் இடத்தில் கோட்டை அழித்துவிடுங்கள். அறைக்குள் பாயை விரித்து எல்லோரும் படுத்துப் பாருங்கள். அடுப்பு இருக்கும் இடத்தில் மூன்று கல் வைத்து உண்மையாகவே நெருப்பு மூட்டி, புகை எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள். சோளகம் வீசும் மாதமானால் ஒரு விதமாகவும், வாடை வீசும் மாதமானால் வேறு விதமாகவும் போகும். குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியிலிருந்து குசினி வரை நடந்து பாருங்கள். நெல் மூட்டை எங்கே இருக்கும், மண்வெட்டி எங்கே சாத்தியிருக்கும், வயோதிபர் இரவில் மலசலகூடத்துக்கு எந்த வழியால் போவார் என்று கேளுங்கள். மருமகளும் பிள்ளைகளும் முதலில் சொல்லட்டும். கோடுகளை அழித்து அழித்து மூன்று நாலு விதமாகக் கீறிப் பார்க்கச் செலவு ஒரு கடகம் சாம்பல்தான். சரிவந்த படத்தைப் பிள்ளையின் கொப்பியில் அளவுகளோடு கீறிவைத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அத்திவாரம் குறிக்க வரும் அன்று அவர் கையில் கொடுங்கள்.